கடைசிப் பெட்டி

பிரேக் போட்டாயிற்று.
இதற்கு மேல் லெம்ராபொத் செய்வதற்கு
ஒன்றுமே இல்லை.

தூரத்தில் தண்டவாளத்தின் குறுக்கே
மாட்டிக்கொண்டு நிற்கிறது ஒரு பிக்கப்.
அதன் முதுகில், கால் மடக்கிக் கட்டிய பெண்ணொட்டகம்.
ஒருவன் தலைத்துணியை அவிழ்த்து ஆட்டுகிறான்,
நாங்கள் பார்க்கவில்லை என்று நினைத்து.
பார்த்துவிட்டோமப்பா.
பார்க்காதது, பின்னால் வருகிற
இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டி இரும்புக்கல்.

முதலில் காட்டிக்கொடுத்தது தேநீர்.
ஜன்னலோரக் கண்ணாடிக் குவளைக்குள்
நுரையோடு எழுந்து முன்பக்கம் சாய்ந்தது.
எஞ்சின் மனம் மாறியதை
யாரும் அதனிடம் சொல்லவில்லை.
அது இன்னும் நுவாதிபுவுக்கு,
கடலுக்கு,
பழைய வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தது.
பிறகு குவளை.
பிறகு என் நெற்றி.

சடம் என்று ஒருவனைத் திட்டும்போது
கிடந்த இடத்தில் கிடப்பவனை நினைக்கிறோம்.
இந்த இரவில் சடம் ஓடுகிறது.
ஓடுவதை விடமாட்டேன் என்கிறது.
கெட்ட எண்ணம் கிடையாது அதற்கு.
ஒட்டகத்தோடு பகையும் இல்லை.
காலையில் சுவேராத்தில்
என்னைக் கிளப்ப என்ன பாடு பட்டாய்,
அதே பாட்டை
இப்போது என்னை நிறுத்தவும் படு,
அவ்வளவுதான் கேட்கிறது.

ஒன்றரை கிலோமீட்டர்.
சக்கரங்களில் தீப்பொறி.
லெம்ராபொத்தின் கை கைப்பிடியிலேயே இருந்தது,
அதற்கு அங்கே வேலையில்லை என்றாலும்.

நாற்பது தப்படி மிச்சம் வைத்து நின்றோம்.
நின்றோம் என்பது எஞ்சின் சொல்வது.
பின்னால், இருட்டுக்குள்,
பெட்டி பெட்டியாக இன்னும் வந்து
முன்னதன் முதுகில் முட்டி
டொம்,
டொம்,
எதற்கு நின்றாய், எதற்கு நின்றாய்.

ஒட்டகம் அசைபோட்டுக்கொண்டிருந்தது.
அந்த ஆள் ஓடி வந்து
நன்றியெல்லாம் சொல்லவில்லை,
ஜாக்கி இருக்கிறதா என்று கேட்டான்.
மூன்று பேர் தோள் கொடுத்தோம்.
நகர மறுத்தது, மறுத்தது, மறுத்தது,
பிறகு ஒரு விரலுக்கே
மணலில் இறங்கிப் போனது.

கொக்கிகளைப் பார்த்துவர வேண்டியது என் வேலை.
டார்ச்சும் வயர்லெஸ்ஸும் எடுத்துக்கொண்டு
ரயில் நீளத்துக்கு நடந்தேன்.
ஒன்பது வருடம் முன்னாலேயே இருந்தவன்,
வால் எவ்வளவு தூரம் என்று
அன்றுதான் கால் கணக்குப் பார்த்தது.

கடைசிப் பெட்டியில், கல்லின் மேல்,
போர்வைக்குள் ஒரு பெண்.
மடியில் ஆட்டுக்குட்டி.
தங்கை குழந்தைக்குப் பெயர் வைக்கும் விருந்துக்குப் போகிறாளாம்.
தன் பெயர் லெமீனா என்றாள்.
குட்டிக்குப் பெயர் கிடையாது, காரணம் கேட்கவில்லை.
மேலே ஏறி உட்கார்ந்து
வயர்லெஸ்ஸில் சொன்னேன்: சரி, எடு.

ஊதல் கேட்டது,
எங்கோ வேறு ஊர் ரயிலின் ஊதல் போல.
எதுவும் நடக்கவில்லை.
நட்சத்திரம் அங்கேயே.
கல் அங்கேயே.
"கிளம்பவில்லை போலிருக்கிறது," என்றேன்,
ரயில்வேயில் சம்பளம் வாங்குகிறவன்.

"கிளம்பியாயிற்று," என்றாள் அவள்.
"நமக்கு இன்னும் வரவில்லை."

காதைச் சாய்த்தேன்.
வெகு தூரத்தில் ஒரு சங்கிலிச் சத்தம்,
ஒரு பெட்டி தூக்கம் கலைந்து
அடுத்ததை இழுக்கிறது,
அது முரண்டுபிடித்து, விழித்து,
அடுத்ததை.
கடுகாக இருந்த சத்தம் பட்டாணியாகி,
பட்டாணி கல்லாகி,
எங்களை நோக்கி ஓடி வருகிறது,
ரயில் போகிற திசைக்கு எதிராக.

லெமீனா ஒரு கையால் குட்டியை அணைத்தாள்.
இன்னொரு கையால், கேட்காமலே,
என் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

"இப்போது," என்றாள்.